நான்காம் தேதி பச்சையாக இருந்தது

முந்நூறு இரும்பு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? இப்போதெல்லாம் பிளாஸ்டிக், இல்லாவிட்டால் துணி மாட்டிய மெத்தை நாற்காலி. அப்போது இரும்பு. நான் கமலவேணி மஹாலில் வேலைக்குச் சேர்ந்த அன்று மதியம் மூன்று ஆட்கள் வரிசையாக விரித்துக்கொண்டே போனார்கள். சட், சட், சட். மேடைப் பக்கம் ஆரம்பித்து வாசல்வரை போய், திரும்பி வந்தது. தகரக் கூரையில் மழை முதலில் யோசித்து, பிறகு துணிந்து இறங்குகிற மாதிரி. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருஷம். பி.ஏ. தமிழ் படித்தவளுக்கு வத்தலக்குண்டில் என்ன வேலை கிடைக்கும்? அந்தச் சத்தத்தைக் கேட்டதும், சரி, இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இருபத்தேழு வருஷம் இருந்தேன்.

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள் அம்மா, தூசி வருகிறது. பஸ் செம்பட்டி தாண்டினால் சரியாகிவிடும்.

நீங்கள் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற வேலை என்று சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் புரியாது. உங்களுக்குப் புரியும், யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்வீர்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஐந்தாம் தேதி கல்யாணம் என்றால் யாரும் ஐந்தாம் தேதி காலையில் வந்து இறங்குவதில்லை. நான்காம் தேதி மதியம் மூன்று மணிக்கே மண்டபம் அவர்கள் கைக்குப் போய்விடும். அன்று சாயங்காலம் பெண் அழைப்பு, நிச்சயம், வரவேற்பு, சாப்பாடு. மறுநாள் காலை முகூர்த்தம். பந்தி முடிந்து மதியம் மூன்று மணிக்குச் சாவி திரும்பி வரும். ஆக, ஒரு கல்யாணம் இரண்டு தேதிகளில் பாதிப் பாதியாக உட்காரும். என் நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குக் குறுக்கே ஒரு சாய்வுக் கோடு. கோட்டுக்கு மேலே பகல், கீழே சாயங்காலம். நான்காம் தேதியின் கீழ்ப்பாதியும் ஐந்தாம் தேதியின் மேல்பாதியும் ஒரே வீட்டுக்கு. கோயிலில் தாலி கட்டிவிட்டு மாலை வரவேற்புக்கு மட்டும் மண்டபம் கேட்டு வருவார்கள் இல்லையா, அவர்களுக்கு எந்தக் கீழ்ப்பாதி காலி என்று பார்த்துத்தான் கொடுப்பேன். இருபத்தேழு வருஷத்தில் ஒரு வீடு இன்னொரு வீட்டை வாசலில் முட்டியதில்லை. அந்தக் கோடுதான் நான். வேறொன்றும் இல்லை.

பெரிய முதலாளி இருந்தவரை அந்த நோட்டை அவர்கூடத் தொட மாட்டார். "தமயந்திய கேட்டுச் சொல்றேன்" என்பார். அவர் போனபின் மகன் கிரிதரன் வந்தான். கெட்டவன் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஐம்பத்திரண்டு வயசு, பெட்ரோல் பங்க் வேறு இருக்கிறது, எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்க்க மாட்டான். அவனுக்குப் போன ஆடியில் இந்தப் பைத்தியம் பிடித்தது.

ஆடியில்தான் மண்டபம் காலியாகக் கிடக்குமே. பெட்ரோல் போட வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்: கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரிய வேண்டாம், பெட்டி பெட்டியாக இழுத்து வைத்தால் போதும், பாக்கியை ஏஐ எழுதிவிடும் என்று. லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேஜையில், என் நோட்டுக்கு மேலேயே வைத்தான்.

"அக்கா, நம்மளே வெப்சைட் போடுறோம். வீட்ல உக்காந்தே மண்டபத்த புக் பண்ணிரலாம். இந்தத் தம்பிகிட்ட சொன்னாப் போதும், எல்லாம் செஞ்சுருவான்."

தம்பி! அதுவரை நான் அவனைத்தான் தம்பி என்று கூப்பிடுவேன். அவன் அதைத் தம்பி என்றான். "தம்பி, அந்தப் பட்டனக் கொஞ்சம் மேல தள்ளு." "தம்பி, கலரு இன்னும் மங்களகரமா வேணும்." மங்களகரம் என்றதும் அது மஞ்சளாக மாற்றியதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அது கேள்வி கேட்டது. நன்றாகக் கேட்டது. ஆடி, மார்கழித் தேதிகளை மூடிவைக்கலாமா? சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை பேர்? மணமகள் அறை முன்பதிவோடு சேர்ந்ததா, தனியா? குத்துவிளக்கு மண்டபத்துடையதா, வருகிறவர்கள் கொண்டுவர வேண்டுமா? கிரிக்கு ஒன்றும் தெரியாது. அவன் கேள்வியைப் படிப்பான், நான் பதில் சொல்வேன், அவன் அடிப்பான். பதினோரு நாள். என் இருபத்தேழு வருஷத்தில் எந்த மனுஷனும் என்னிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை, அம்மா. வீட்டுக்குப் போய் அடுத்த நாள் என்ன கேட்கும் என்று யோசிப்பேன். அதற்குப் பதிலை மனசுக்குள் வாக்கியமாகக்கூட அடுக்கி வைத்தேன். நான் எவ்வளவு முட்டாள் பாருங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவன் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். 'எங்கள் குழு' என்று மேலே போட்டிருந்தது. முதலில் கிரி, கோட்டு சூட்டில். அவனுக்குக் கோட்டே கிடையாது. அடுத்து ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். அரக்குப் பட்டு. என் மேஜை, என் நாற்காலி, பின்னால் என் சன்னல். அதில் அவள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் வைத்திருந்தது எந்தச் செடியிலும் பூக்காத ஒரு பூ. கீழே 'சுபத்ரா, வரவேற்பு மேலாளர்' என்று எழுதியிருந்தது.

"யாரு தம்பி இது?"

"யாருமில்லக்கா. தம்பி வரைஞ்சு குடுத்தான். பேரும் அவனே வச்சுட்டான். நல்லாருக்குல்ல? வர்றவங்களுக்கு ஒரு இது வேணும்ல."

இருக்கிற ஒருத்தியை எடுத்துவிட்டு இல்லாத ஒருத்தியை உட்கார வைத்தால் அதற்குப் பெயர் என்ன? தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மாவா? அந்தம்மா வெறும் நோட்டுங்க. நோட்ட உள்ள ஏத்தியாச்சு. ஆவணி பொறந்ததும் ஒரு சால்வையப் போத்தி அனுப்பிரலாம்."

வெறும் நோட்டு. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். டம்ளர் கையில் இருக்கிறது. மிச்சத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தேன். அதை இப்போதும் பெருமையாக நினைக்கிறேன்.

அவன் என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, "அக்கா, அது ஏதோ கேக்குது பாருங்க, நீங்களே அடிச்சு விட்ருங்க. ஜெனரேட்டர்காரன் வந்து நிக்கிறான்" என்று வெளியே போனான்.

நான் உட்கார்ந்தேன். திரையில் கேள்வி காத்திருந்தது. இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். "ஒரு முன்பதிவு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? திருமணத்துக்கு முந்தைய நாள் மாலையும் அதில் சேருமா?"

பாருங்கள். பிறந்ததிலிருந்து அந்த மண்டபத்தைப் பார்த்தவனுக்கு வராத கேள்வி அதற்கு வந்துவிட்டது. நான் இரண்டு விரலால் அடித்தேன்: "ஒரு தேதிக்கு ஒரு முன்பதிவு. முந்தைய நாள் சேராது."

அது உடனே எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி கேட்டது. "சரிபார்த்துக்கொள்கிறேன். ஐந்தாம் தேதி திருமணம் இருந்தாலும், நான்காம் தேதி மாலை மண்டபத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?"

"ஆம்" என்று அடித்தேன். ஒற்றைச் சொல். படித்த காலத்தில் கவிதை என்று எதையெதையோ எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றுகூட அந்த 'ஆம்' அளவுக்குக் கச்சிதமாக விழுந்ததில்லை.

இதில் பொய் என்ன இருக்கிறது? கொடுக்கலாமா என்று கேட்டது. கொடுக்கலாம்தான். கொடுத்தால் என்ன ஆகும் என்று அது கேட்கவில்லையே.

ஆவணி முதல் தேதி சால்வை போர்த்தினான். ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தான். மண்டபத்தில் கூட்டிப் பெருக்குகிற பேச்சியம்மாள் மட்டும் அழுதாள். அவளைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் சேர்ந்த அடுத்த வருஷம் சேர்ந்தவள். எச்சில் இலை எடுப்பது, தரை கழுவுவது, மேடையைத் துடைப்பது எல்லாம் அவள்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், அவள் கொண்டுவருகிற கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு, கல்யாணம் செய்துவைக்க வருகிற ஐயர் முகம் சுளிப்பார்.

அப்புறம் நான் வீட்டில். காலையில் காபியை வைத்துக்கொண்டு போனில் அந்த வெப்சைட்டைத் திறப்பேன். அந்தச் சுபத்ராவைத் தாண்டிப் போனால் காலண்டர் வரும். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் முடிந்தது. ஆவணி போனது, ஐப்பசி போனது. கல்யாணமும் கல்யாணமும் பக்கத்துப் பக்கத்துத் தேதியில் வந்தால் முட்டாது, தெரியுமா? ஒன்று மூன்று மணிக்குப் போகும், இன்னொன்று மூன்று மணிக்கு வரும். மாலை வரவேற்பு ஒன்று வந்து விழ வேண்டும். நான் காத்திருந்தேன். கிரிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவனுக்குக் கல்யாணம் தெரியும். ஆனால் தேதியைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பச்சை, சிவப்பு. அதற்கு மேல் கண் போகாது.

மார்கழி நடுவில் ஒருநாள் காலை பார்க்கிறேன், பிப்ரவரி ஐந்து ஏற்கெனவே சிவப்பு. கல்யாணம். நூல் மில்காரர் வீடு என்று ஊரெல்லாம் தெரியும். நான்காம் தேதி பச்சை. மறுநாள் பார்க்கிறேன், நான்காம் தேதியும் சிவப்பு. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மாலை வரவேற்பு' என்று இருந்தது. எனக்குக் காபி இனித்தது அம்மா. சர்க்கரை நோய்க்காரி, சர்க்கரையே போடுவதில்லை.

யார் அந்த நான்காம் தேதி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. யாரோ ஒரு வீடு.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் பேச்சியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். மகள் அபிராமிக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, சாயங்காலம் வரவேற்பு. எங்கே என்று பத்திரிகையைப் பார்ப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"நம்ம மண்டபத்துலதான்க்கா. மகளே போன்ல போட்டுட்டா. நான் பெருக்குன மேடையில எம்மக ஏறி நிக்கப் போறா."

நான் பத்திரிகையைப் பார்த்தேன். நான்காம் தேதி.

அவள் உட்காரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். அஞ்சாந்தேதி மில்காரர் வீட்டுக் கல்யாணமாமே. அப்ப நாலாந்தேதி சாயங்காலமே அவுக வந்துருவாகள்ல? எனக்குப் பக்குனு இருக்கு. கிரி ஐயாகிட்ட கேட்டேன், அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கிரும்னுட்டாரு. நீங்க சொல்லுங்க. நீங்க சரின்னா சரி."

அவள் என்னைத்தான் கேட்டாள். நன்றாகக் கேளுங்கள், நானாகப் போய் எதுவும் சொல்லவில்லை. அவளாக வந்து கேட்டாள். பதினெட்டு நாள் இருந்தது. வேறு மண்டபம் பார்த்திருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் அவள் மறுபடி கிரியிடம் போவாள், அக்காவே சொன்னாங்க என்பாள். கிரி விழித்துக்கொள்வான். ஐந்து மாதம் நான் காலையில் காபியோடு காத்திருந்தது என்ன ஆகும்?

"கம்ப்யூட்டர் பச்சை காட்டுச்சுல்ல?" என்றேன்.

"காட்டுச்சுக்கா."

"அப்ப சரியாத்தான் இருக்கும் பேச்சி. காபி குடிக்கிறியா?"

அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. காபி குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இதிலும் பொய் இல்லை, பாருங்கள். பச்சை காட்டியது உண்மைதானே.

நான்காம் தேதி மதியம் இரண்டரைக்கே நான் போய்விட்டேன். மாம்பழ நிறப் பட்டு, நான் வாங்கியதிலேயே நல்ல சேலை. முதல் வரிசையில், வாசலைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றேகாலுக்கு மில்காரர் வீட்டு பஸ் வந்தது. மூன்று பஸ். அவர்கள் வாசலில் பூப்பலகை கட்ட ஏணி வைக்கிறார்கள், அங்கே ஏற்கெனவே அபிராமி பேர் போட்ட பலகையைப் பேச்சியம்மாளின் தம்பி கட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஏப்பா, இது யாரு பலகை? கழத்து."

"எதுக்குக் கழத்தணும்? எங்க மண்டபம் இன்னிக்கு."

"உங்க மண்டபமா? யோவ், நாளைக்கு எங்க வீட்டு முகூர்த்தம்யா."

"நாளைக்குத்தான? நாளைக்கு வாங்க!"

இரண்டு பக்கமும் போனை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு போனிலும் 'உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது, நல்வாழ்த்துகள்' என்று இருந்தது. கீழே சுபத்ரா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சமையல்காரர்களும் ஒரே அடுப்புக்கு முன்னால் நின்றார்கள். கூட்டத்தில் ஒருத்தி, "ரெண்டு பொண்ணையும் ஒரே மேடையில ஏத்திருங்க, மேளம் ஒண்ணு போதும்" என்றாள். சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கிரி பெட்ரோல் பங்க்கிலிருந்து ஓடி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மில்காரர் அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏண்டா கிரி, உங்கப்பன் இருந்தப்ப இப்படி நடந்திருக்கா? நாளைக்கு எம்பொண்ணுக்குத் தாலி எடுத்துக் குடுக்கப் போறதும் ஒன் கம்ப்யூட்டர்தானா?"

முந்நூறு பேர் பார்க்க அவன் தலை குனிந்து நின்றான். அதைப் பார்க்கத்தான் நான் போனேன். பார்த்தேன். நிறைய நேரம் பார்த்தேன்.

அப்போது அவன் என்னைக் கண்டுவிட்டான். "அக்கா! அக்கா, நீங்க இருக்கீங்களா, சாமி காப்பாத்துச்சு. ஏதாவது சொல்லுங்கக்கா. எப்படிச் சமாளிக்கிறது?"

எழுந்திருக்காமலே சொன்னேன். "எனக்கு என்ன தம்பி தெரியும்? சுபத்ராகிட்டக் கேளு."

ஐந்து மாதமாக அதை வாய்க்குள் வைத்திருந்தேன். சொன்னபோது அவன் முகம் போன போக்கு! என்னிடம் யாராவது கடைசி ஆசை என்று கேட்டால், அந்த முகத்தை இன்னொரு தரம் காட்டு என்பேன்.

அப்புறம் என்ன, மில்காரர் வீட்டை வெளியே நிறுத்த முடியுமா? கிரி பேச்சியம்மாளிடம் போனான். "பேச்சி, நீ நம்ம ஆளு. நீதான் விட்டுக் குடுக்கணும். பின்னாடி கார் ஷெட்டுல மேஜை போட்டு, சீரியல் செட் கட்டித் தர்றேன். ஒரு கொறையும் இருக்காது."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "சரிங்கய்யா" என்றாள். புதுப் பட்டுச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியிலிருந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டைக் கூட்ட ஆரம்பித்தாள். அது இருக்கிற இடம் அவளுக்குத்தானே தெரியும். எண்ணெய்க் கறையெல்லாம் இருந்தது, மண் போட்டுத் தேய்த்தாள். அபிராமி இரண்டு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள், அலங்காரத்தோடு. மாப்பிள்ளைக்கு அத்தை முறையாம், ஒருத்தி, "காரு நிப்பாட்டுற எடத்துலயா பொண்ணக் காட்டுறீக?" என்று கேட்டுவிட்டு சாப்பிடாமல் போனாள். அவளோடு ஒரு வேன் ஆட்களும் போனார்கள். நான் சாப்பிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது. திறந்த வெளி, நல்ல காற்று. குறை என்று சொல்ல முடியாது.

பத்து நாள் கழித்து கிரி என் வீட்டுக்கு வந்தான். ஆப்பிள், மாதுளை. நான் தயாராக இருந்தேன். கேட்பான், சொல்லிவிட வேண்டும், ஆமாம், நான்தான், வெறும் நோட்டு செய்த வேலை என்று. அந்த வாக்கியத்தையும் அடுக்கி வைத்திருந்தேன்.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "அக்கா, பேசினதெல்லாம் அந்தத் தம்பிகிட்ட அப்படியே இருக்கு. எடுத்துப் பாத்தேன். முந்தின நாளும் சேருமான்னு அது கேட்டுருக்கு. ரெண்டு தடவ கேட்டுருக்கு. நான்தான்க்கா சேராதுன்னு அடிச்சிருக்கேன். என்ன நெனப்புல அடிச்சேனோ. உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். மன்னிச்சுருங்க."

நான் அவனையே பார்த்தேன். அவன் கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லை. அவன் எழுந்து போனதை, என்னை அடிக்கச் சொன்னதை, சுத்தமாக மறந்துவிட்டிருந்தான். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே அவன் நினைவில் இல்லை.

இது என்ன அநியாயம், சொல்லுங்கள்? நான் செய்ததைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

வேலைக்கு வரச் சொன்னான். பங்குனியிலிருந்து போகிறேன். நான் போகாமல் யார் போவது? முதல் நாளே அந்த ஏஐயிடம் நானே உட்கார்ந்து சாய்வுக் கோட்டைச் சொல்லிக் கொடுத்தேன். நாலே நிமிஷம். ஒவ்வொரு கட்டத்தையும் மேலும் கீழுமாகப் பிரித்துக் காட்டிவிட்டு, இந்த விவரம் மிகவும் உதவியாக இருந்தது, நன்றி என்றது. சுபத்ராவை எடுத்தாகிவிட்டது. கிரி இப்போது என்னைக் கேட்காமல் ஒரு பல்பு மாற்றுவதில்லை. ஜெயித்தது யார், நீங்களே சொல்லுங்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? பேச்சியம்மாளா? அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல அவள் வந்தால்தானே. வரவேற்புக்கு மறுநாள் காலை மில்காரர் வீட்டு எச்சில் இலையை எடுத்துப்போட்டுவிட்டு, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவள்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள்.